இரு தலைவர்களுக்கு ஒரு வரவேற்புப் பத்திரம்

1

நான் பிறந்தது புதுக்கோட்டை சமஸ்தானத்தில். வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் அங்கேதான். ஆனால் அதற்குள் அது இந்தியா ஆகியிருந்தது. மகனோடு இருக்கலாமென்று கப்பலேறி வந்து இறங்கியது வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில். அது சுதந்திர மலாயா ஆனபோது கிள்ளானில் இதே வீட்டில், இதே சாய்வு நாற்காலியில் இருந்தேன். சென்ற ஆண்டு ஒரு காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவன், டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மலேசியாவில் இருந்தேன். ஆக, ஒரே ஒரு கப்பல் பயணத்தில் ஐந்து நாடுகளைப் பார்த்தவன் நான். உலகம் சுற்றியவர்கள் என்னிடம் பெருமை பேச வேண்டாம்.

இந்தக் கணக்கை அடையாள அட்டை அலுவலகத்தில் விளக்கப் போய்த்தான் அவமானப்பட்டேன். இங்கே பிரஜைக்கு நீல அட்டை, பிரஜையல்லாத எங்களைப் போன்றவர்களுக்குச் சிவப்பு அட்டை. முகவரி திருத்தப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் ஒரு மலாய் இளைஞர், நல்ல மரியாதைக்காரர், ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிறந்த நாடு?"

"புதுக்கோட்டை."

"அது இந்தியாவில்தானே?"

"இப்போது ஆமாம். நான் பிறந்தபோது அதைச் சுற்றி பிரிட்டிஷ் இந்தியா இருந்தது. உள்ளே எங்கள் ராஜா இருந்தார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் நீங்கள் எந்த நாட்டை விட்டு வந்தீர்கள்?"

"நான் விடவில்லை. அதுதான் என்னை விட்டுப் போனது."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற என் மனைவி மீனாட்சி இடுப்பில் ஒரு குத்து விட்டாள். "கேட்டதுக்குப் பதில் சொல்லுவீங்களா, கிளாஸ் எடுப்பீங்களா?" அவளுக்கு அப்போது அட்டையைவிட மீன் கடை முக்கியம். அந்தக் கடையில் அவள் நடத்தும் பேரம் தனிக்கதை. நான் மலாய் மொழியை இலக்கணப் புத்தகம் வைத்துப் படித்தவன். நான் பேசினால் மீன்காரர் பரிதாபமாகப் பார்ப்பார். இவளுக்குத் தெரிந்த மலாய்ச் சொற்கள் மூன்று: எவ்வளவு, வேண்டாம், போதும். இந்த மூன்றிலேயே மீன்காரருடைய மூத்த மகளுக்கு எங்கே கல்யாணம் என்பது வரை தெரிந்துகொண்டு வந்துவிடுவாள்.

2

சென்ற மாதம் இவ்வூர்த் தமிழர் சங்கத்துச் செயலாளர் மாணிக்கம் வீட்டுக்கு வந்தார். இங்கேயே பிறந்தவர், எதையும் ஓடிக்கொண்டே செய்கிறவர்.

"ஐயா, மலேசியா பொறந்து ஒரு வருசம் ஆவுது. விழா எடுக்கிறோம். நீங்கதான் சிறப்புப் பேச்சாளர்."

"என்ன தலைப்பு?"

"அதெல்லாம் ரெடி. அங்க இந்தியாவுல ஒரு தலைவர், இங்க மலேசியாவுல ஒரு தலைவர். நாடு கைமாறுற நேரத்துல யார் பெரியவர்? நீங்க ஒப்பிட்டுப் பேசித் தீர்ப்புச் சொல்லணும்."

உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த மீனாட்சி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "தம்பி, அவருக்கு வேற தலைப்புக் குடுங்க. அவரு தலைவருங்கள ஒப்பிட்டுப் பேசித்தான் எங்க வீட்டுல ஒரு ஒறவு அத்துப்போயி கெடக்கு."

மாணிக்கம் இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். என் பேத்தி செல்வியும் சிரித்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. என்னோடு தமிழில் தொடங்கி, பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவி, கோபம் வந்தால் மலாய்க்குப் போய்விடுவாள். "தாத்தா, எங்க தலைவரைக் கொறைச்சுப் பேசிடாதீங்க, ஸ்கூல்ல எனக்கு மானம் போயிடும்" என்றாள்.

எங்க தலைவர். அந்தச் சொல்லை அவள் எவ்வளவு சுளுவாகச் சொன்னாள்! எனக்கு "எங்க" என்று தொடங்கினால் எந்த நாட்டைச் சொல்வதென்று இன்னும் தடுமாற்றம்.

மாணிக்கத்துக்குச் சரியென்று தலையாட்டினேன். ஆனால் மண்டபத்தில் பாதிப் பேர் நீல அட்டை, பாதிப் பேர் சிவப்பு அட்டை. எந்தத் தலைவரை ஒரு விரல் உயர்த்தினாலும் மறு பாதிக்கு வலிக்கும். ஆகவே எனக்குத் தெரிந்த வேறு இரண்டு தலைவர்களைப் பற்றிப் பேசுவதென்று முடிவு செய்தேன். அங்கே பேசியதையும், பேசாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

3

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த நாற்பத்தெட்டாம் வருஷத்தில் எங்கள் வட்டாரத்தில் இரண்டு தலைவர்கள் இருந்தார்கள். பிள்ளைகுட்டிகள் இன்னும் அங்கேயே இருப்பதால் பெயர்களை எழுதவில்லை. நாங்கள் அழைத்தபடியே ஒருவரை மிராசு ஐயா என்றும், மற்றவரை வக்கீலய்யா என்றும் சொல்கிறேன்.

மிராசு ஐயா சமஸ்தானத்துச் சட்டசபையில் நெடுநாள் இருந்தவர். நான்கு வாக்கியத்துக்கு மேல் பேசி யாரும் கேட்டதில்லை. குறை சொல்ல வந்தவர் களைத்துப் போகும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு "பாப்போம்" என்பார். வெற்றிலைப் பெட்டியை மெதுவாக மூடினால் காரியம் நடக்கும்; பட்டென்று மூடினால் நடக்காது. பொன்னமராவதிப் பக்கம் ஓர் ஊருணியை முன்னால் நின்று வெட்டிக் கொடுத்தார். இணைப்பு வேண்டாம் என்பது அவர் கட்சி. "இன்னிக்கு வாய்க்கா அடைச்சுக்கிட்டா எங்கிட்ட வாரான். நாளைக்கு மெட்ராஸ்ல எந்தக் கதவப் போயித் தட்டுவான்?" என்று கேட்டார்.

வக்கீலய்யா கதர் கட்டியவர். இணைப்புக்காகச் சிறைக்கும் போனவர். மிராசு ஐயா ஓர் ஆண்டில் பேசுவதை அவர் ஒரு தேநீருக்கும் அடுத்த தேநீருக்கும் நடுவில் பேசிவிடுவார். மெட்ராஸ் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்குமென்றார். பொன்னமராவதிக்கு ரயில் வருமென்றார். (வந்துவிட்டதா? வந்திருந்தால் அன்பர்கள் தெரிவிக்கவும்.) ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மிராசு ஐயா வெட்டிய ஊருணியில் சேரி மக்கள் இறங்க விடப்படவில்லை. அவர்களை அழைத்துக்கொண்டு முதலில் படியிறங்கிக் கையால் அள்ளிக் குடித்தவர் வக்கீலய்யா. மிராசு ஐயா வெட்டினார், இவர் திறந்தார். இரண்டில் எது பெரிதென்று அன்று என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். இன்று யோசிப்பேன், பிறகு அதே பதிலைத்தான் சொல்வேன், சற்று மெதுவாக.

நான் வக்கீலய்யா கட்சி. என் மனைவியின் அண்ணன் சிதம்பரம் மிராசு ஐயா கட்சி. அவருக்குப் பொன்னமராவதிப் பக்கத்தில் அந்த ஊருணி இருக்கும் ஊரேதான் சொந்த ஊர். நாங்கள் சந்தித்தால் வீட்டுப் பெண்கள் பாத்திரங்களை எடுத்து உள்ளே வைப்பார்கள்.

"என்ன மாப்ளே, ஒங்க வக்கீலு இன்னிக்கு எத்தன மணி நேரம் பேசுனாரு?"

"உங்க மிராசு இந்த வருஷம் பேசினதைவிட அதிகம் மச்சான்."

"பேசுனா நெல்லு வெளையுமா?"

"பேசாம இருந்தா விளைஞ்சுதா?"

"சாப்புடுங்க, எலை காயுது. கட்சி அங்கிட்டு, கறி இங்கிட்டு." இப்படித்தான் முடியும். அவர் இலையில் இருக்கும் நல்ல துண்டை எடுத்து என் இலையில் வைப்பார். இணைப்புக்கு முன்னால் எங்கள் சண்டையில் யாருக்கும் காயம் பட்டதில்லை.

4

அன்றைய வழக்கத்தை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பெரிய மனிதர் ஊருக்கு வந்தால் மாலை போட்டால் மட்டும் போதாது. வரவேற்புப் பத்திரம் வாசித்து அளிக்க வேண்டும். வழவழப்பான ரோஸ் தாளில் கரைகட்டி அச்சடித்து, மேடையில் ஒருவர் குரல் நடுங்க வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுப்போம். கருணைக் கடலே, கற்பகத் தருவே, சிங்கமே என்று தொடங்கி நீளமாகப் போகும். எங்கள் பக்கத்தில் இப்பத்திரங்களை எழுதும் திருப்பணி என்னுடையது. திருமயம் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வாத்தியார் வேறு யார்?

ஊருணித் திறப்பு விழாவுக்கு மிராசு ஐயா வந்தபோது மச்சான் என்னிடம் வந்தார். "நீங்க எதிர்க்கட்சிதான் மாப்ளே. ஆனா ஒங்க எழுத்து மாதிரி வராது. எனக்காக எழுதுங்க." எழுதினேன். மச்சானுக்காக என்பதால் நன்றாகவே எழுதினேன். அவர் அதில் ஒரு பிரதியைத் தம் வீட்டுக் கூடத்திலும் மாட்டிவைத்தார். அவருக்கு அதில் பாதி மிராசு ஐயா, பாதி நான்.

இணைப்பு முடிந்த சூட்டோடு வக்கீலய்யா திருமயம் வருவதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் என்னிடம் வந்து பத்திரம் கேட்டார்கள். பரீட்சைத் தாள் திருத்திக் கொண்டிருந்தேன். சோம்பல். பழைய பத்திரத்தின் கைப்பிரதி பெட்டியில் இருந்தது. மிராசு ஐயா பெயரை அடித்தேன், வக்கீலய்யா பெயரைப் போட்டேன். சமஸ்தானம் என்றிருந்த இடத்தில் பாரதம். கருணைக் கடலும் கற்பகத் தருவும் யாருக்கும் பொருந்துவதால் தொடவில்லை. சிங்கமும் பொருந்தியது. ராஜ விசுவாசம் என்பதை மட்டும் தேச விசுவாசம் ஆக்கினேன்.

இரண்டு தலைவர்களை என்னைவிடச் சுருக்கமாக ஒப்பிட்டவன் எவனும் இல்லை.

5

கோட்டைக்குக் கீழே மேடை. நல்ல கூட்டம். முதல் வரிசையில் மச்சான் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு பஸ் பிடித்து வந்திருந்தார். ஒலிபெருக்கியின் முன்னால் நின்று வாசித்தேன். சிங்கம் வரை கைதட்டல். பிறகு வந்தது நான் அடிக்க மறந்த வரி: "எம் ஊர் தாகம் தீர ஊருணி கண்ட உத்தமரே!"

வக்கீலய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவரிடம், "நான் எப்பய்யா ஊருணி வெட்டுனேன்?" என்று கேட்டது ஒலிபெருக்கியில் விழுந்து கூட்டம் முழுவதும் கேட்டது.

மச்சான் எழுந்தார். "அப்புடிப் போடுங்க மாப்ளே! அது எங்க ஊருணி! எங்க மிராசு வெட்டுன ஊருணி!" என்று துண்டை ஆட்டிக் கத்தினார்.

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் யாரோ, "வாத்தியாரே, பழைய சோத்தச் சூடு பண்ணிட்டீங்களா?" என்றார். என் மாணவர்கள் சிரிப்பதை மேடையிலிருந்து பார்த்தேன். காது சுட்டது. ஒலிபெருக்கியை இழுத்து, "கூட்டத்தைக் கலைக்க வந்திருக்கிறார்கள். இவர்தான் என் எழுத்தை எடுத்து, தம் தலைவருக்கு ஏற்றபடி திருத்தி முன்பே அச்சடித்துக்கொண்டவர்" என்றேன்.

பொய். ஒரே வாக்கியத்தில் என் தவற்றைத் தூக்கி அவர் தலையில் வைத்தேன். ஒலிபெருக்கியில் சொன்னால் எதுவும் உண்மை மாதிரியே கேட்கும். மச்சான் உட்காரவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போய்விட்டார்.

அன்றோடு சரி. என் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் தட்டுகள் எல்லாம் வந்தன, ஒரு குறையில்லை. தாய்மாமன் வரவில்லை. மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் மண்டபமே வாசலைப் பார்த்தது. தூரத்து முறையில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். மீனாட்சி அழவில்லை, பந்தி விசாரித்தாள். நாங்கள் கப்பலேறியபோதும் அவர் நாகப்பட்டினம் வரவில்லை. இங்கிருந்து நான் எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

வேடிக்கை என்னவென்றால், தலைவர்கள் இருவரும் அந்த வாரமே சமாதானமாகிவிட்டார்கள். வக்கீலய்யா மிராசு ஐயா வீட்டுக்கே போனார். "நீங்க ஜெயிச்சுட்டீங்க. எந்தக் கம்மாய்க்கு எந்த மடைங்கிறது ஒங்களுக்குத் தெரியாதே, ஒக்காருங்க" என்று மிராசு ஐயா நான்கு வாக்கியத்தைத் தாண்டிப் பேசினாராம். வக்கீலய்யா வாயைத் திறக்காமல் கேட்டாராம். ஒருவர் பேசக் கற்றார், ஒருவர் கேட்கக் கற்றார். புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவில் ஒரு டிவிஷனாக அமைதியாக உட்கார்ந்துவிட்டது. அவர்களுக்காகச் சண்டை போட்ட நாங்கள் இருவரும்தான் பதினாறு வருஷமாக இன்னும் இணையாமல் இருக்கிறோம்.

6

இதைத்தான் சங்கத்தில் பேசினேன். "நாடு மாறும்போது தலைவர்கள் மாறிவிடுகிறார்கள், தொண்டர்கள்தான் மாறுவதில்லை, ஆகவே நீல அட்டையும் சிவப்பு அட்டையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று முடித்தேன். சிரித்தார்கள், கைதட்டினார்கள். மாணிக்கம் துண்டு போர்த்தினார். செல்விகூட, "நாட் பேட் தாத்தா" என்றாள். நல்ல வேளை, யாரும் எனக்கு வரவேற்புப் பத்திரம் வாசிக்கவில்லை.

மீனாட்சி மட்டும் பெண்கள் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்.

"கிள்ளான்ல சொன்னா பொன்னமராவதில கேக்குமா?"

அதனால் இந்தப் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தேன். என் கடிதத்தைப் பிரிக்காத மச்சான், இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவர் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாம் பகுதி வரை எழுதி, மீனாட்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துத்தான் கேட்பாள். கேட்டு முடித்து, சிறிது நேரம் முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"எங்கண்ணன் கூட்டத்தக் கலைக்கவா வந்தாரு?"

"அன்னிக்கு அப்படித்தான் தோணிச்சு."

"தோணிச்சா?"

நான் தாள்களை அடுக்கினேன்.

"அதுக்கப்புறம் இன்னொண்ணு சொன்னீங்களே. பொம்பளைங்க பக்கம் ஒக்காந்து நான் கேட்டேனே. அதக் காணோமே இதுல?"

வாசகர்களே, அவள் சொல்வது சரி. ஐந்தாம் பகுதியை நான் அடித்துத் திருத்தப் போவதில்லை. அது அப்படியே கிடக்கட்டும். விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மச்சான் எழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அது கலகம் செய்ய வந்த முகமே அல்ல. பூரித்துப்போன முகம். அவருக்குத் தோன்றியது இதுதான்: எதிரிகளின் மேடையில், அத்தனை பேர் நடுவில், தம் மாப்பிள்ளை தைரியமாக மிராசு ஐயாவுக்கு ஒரு வரி மரியாதை செய்துவிட்டார். அதனால்தான் "அப்புடிப் போடுங்க" என்றார். எனக்கு அது அந்தக் கணத்திலேயே புரிந்தது. தோன்றியது என்றெல்லாம் சொன்னது பூச்சு. புரிந்துதான், எழுத்தைத் திருடியவர் என்றேன். அதோடும் நிற்கவில்லை. அவர் திரும்பி நடந்தபோது, "அரண்மனைச் சோறு தின்ற வாய் வேறு எதைப் பேசும்?" என்றேன். கூட்டம் விசிலடித்தது. அவர் அரண்மனையில் ஒரு வேளைகூடக் கை நனைத்ததில்லை. தம் நிலத்தில் விளைந்ததைத் தின்றவர், எனக்கும் ஊட்டியவர். அதன் பிறகு பல வருஷம் பஸ்ஸிலும் சந்தையிலும் அவரைக் கண்டால் பயல்கள் "அரண்மனைச் சோறு" என்று கத்துவார்களாம். அந்தப் பட்டப்பெயரை அவருக்கு வைத்தவன் நான்.

இதையும் எழுதி வாசித்துக் காட்டினேன். மீனாட்சி எழுந்து போய், பெட்டியிலிருந்து தன் சிவப்பு அட்டையை எடுத்து வந்தாள்.

"டிக்கெட்டுக்கு மகன்ட்ட சொல்லிட்டேன். ஊருக்குப் போறேன்."

"நானும் வரேன்."

"நீங்க வர வேணாம். ஒங்களப் பாத்தா அண்ணன் கதவச் சாத்திருவாரு. நான் தனியாத்தான் போவேன்."

திரும்பி வருவதற்கான அனுமதிக்கு மறுபடி அலுவலகம் போனோம். அதே மலாய் இளைஞர். பயணத்தின் நோக்கம் என்னவென்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்குவதற்குள் மீனாட்சி தமிழிலேயே, "சண்டைய முடிக்கத் தம்பி" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். யாருடைய சண்டை என்று கேட்டார். என்னுடையது என்றேன். அவர் சிரிக்காமல், "குடும்ப விஷயம்" என்று எழுதி முத்திரை குத்தினார்.

ஆகையால் ஆசிரியரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கப்பல் நாகப்பட்டினம் சேருமுன் இதை வெளியிட்டுவிட வேண்டும். மீனாட்சி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"நான் போயி அண்ணன் முன்னால ஒக்காந்து, இந்தப் புத்தகத்தக் குடுத்துப் படிக்கச் சொல்லுவேன். எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. அவருதான் வாய்விட்டுப் படிக்கணும்."

மச்சான், இந்நேரம் அவள் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பாள். இந்த வரியை மனத்துக்குள் படித்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி உரக்கவே படியுங்கள்: எழுத்து என்னுடையது, பொய்யும் என்னுடையது, அன்று அந்தக் கூட்டத்தில் என்னைப் பார்த்து மனம் நிறைந்து எழுந்து நின்றவர் நீங்கள் ஒருவர்தான்.